எடை குறைந்த வேட்டை ரைபிள்: எந்த எடையைக் குறைக்கலாம், எதைக் குறைக்கக் கூடாது

கேள்வி இதுதான். கொலராடோவில் குடியிருக்கும் நீங்கள் இந்த அக்டோபரில் முதன்முறையாக எல்க் (வட அமெரிக்காவின் பெரிய மான்) வேட்டைக்குப் போகிறீர்கள். மூவாயிரம் மீட்டர் உயரத்தில், ஏற்றமும் இறக்கமுமாக நாள் முழுவதும் நடக்க வேண்டியிருக்கும் என்பதால், கையில் கனக்காத ஒரு ரைபிளைத் தேடிக் கடைக்குப் போயிருக்கிறீர்கள். கடைக்காரர் இரண்டை எடுத்துக் காட்டியிருக்கிறார். ஒன்று, .300 வின்செஸ்டர் மேக்னம் என்ற, அதிக மருந்து அடைத்த பலமான தோட்டாவுக்கான புதிய டிக்கா டி3எக்ஸ் லைட். மற்றது, .308 வின்செஸ்டர் தோட்டாவுக்கான, முன்பு ஒருவர் பயன்படுத்தி விற்ற கிம்பர் மொன்டானா. இது டிக்காவைவிட அரைக் கிலோவுக்குச் சற்று மேல் எடை குறைவு. இதுவரை நீங்கள் சிறு தோட்டாவுக்கான .22 ரைபிள் மட்டுமே சுட்டிருக்கிறீர்கள். இரண்டில் எதை வாங்குவது?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டிக்காவை வாங்குங்கள்; ஆனால் அந்தத் தோட்டாவில் வேண்டாம். 6.5 கிரீட்மூர், 7 மி.மீ.-08 ரெமிங்டன், .308 வின்செஸ்டர் ஆகிய மூன்றில் எது எளிதாகக் கிடைக்கிறதோ அதில் வாங்குங்கள். ரைபிளிலிருந்து குறைக்கப்பட்ட எடைக்கு ஒரு விலை உண்டு. அதன் ஒரு பகுதியைச் சுடுபவரின் தோள் தருகிறது, ஒரு பகுதியைக் குறி பார்க்கும் கை தருகிறது, மீதியைப் பேரல் என்ற குழல் தருகிறது. கொடுக்கத் தகுந்த விலை எது, தகாத விலை எது என்பது ஒவ்வொரு ரைபிளுக்கும் ஒவ்வொரு ஆளுக்கும் மாறும். உங்கள் நிலையில் நான் ஏன் இந்த முடிவுக்கு வருகிறேன் என்பதை விளக்குகிறேன்.

தொழிற்சாலையில் தயாராகும் எடை குறைந்த வேட்டை ரைபிள் புதிய சங்கதி இல்லை. வின்செஸ்டர் நிறுவனம் 1952இல் .308 தோட்டாவை அறிமுகப்படுத்தியபோதே, அதற்கென்று மாடல் 70 ரைபிளின் ஃபெதர்வெயிட் வடிவத்தையும் சேர்த்தே வெளியிட்டது; ஏறத்தாழ 3 கிலோ எடையுள்ள அந்த ரைபிள் அந்தக் காலத்தில் மிக இலேசானதாகக் கருதப்பட்டது. ரெமிங்டன் 1986இல் தன் மாடல் 700 வரிசையில் மவுன்டன் ரைபிளைக் கொண்டுவந்தது. ஆனால் உண்மையான மாற்றம் வந்தது மேற்கு வர்ஜீனியாவின் சிறு பட்டறை ஒன்றிலிருந்து. மெல்வின் ஃபோர்ப்ஸ் என்பவர் 1980களின் நடுவில், இருக்கிற ரைபிளைச் சுரண்டியும் துளையிட்டும் எடை குறைப்பதை விட்டுவிட்டு, தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட்டைத் தாங்கும் உலோகக் கூடான ரிசீவரையே தோட்டாவின் நீளத்துக்குத் தக்கபடி சிறிதாகச் செய்தார். தோளில் பதித்துக் கையால் பிடிக்கும் கட்டையை மரத்துக்குப் பதிலாகக் கெவ்லர், கிராஃபைட் இழைகளால் வார்த்தார். அப்படி இரண்டரைக் கிலோவுக்கும் குறைவான ஒரு ரைபிளை, பேரலை ஒட்டடைக் குச்சியாக மெலிய வைக்காமலே, அவரால் செய்ய முடிந்தது. பெரிய நிறுவனங்கள் பின்னர் அந்த வழியைப் பின்பற்றின. வெதர்பி 2019இல் கொண்டுவந்த பேக்கன்ட்ரி டைட்டேனியம் ரைபிளின் எடை 2.2 கிலோவை ஒட்டியே நிற்கிறது. இந்த வரிசையில் .308 டிக்கா டி3எக்ஸ் லைட் சுமார் 2.9 கிலோவுடன் நடுவில் இருக்கிறது. கிம்பர் மொன்டானா சுமார் 2.3 கிலோவுடன் இலேசான முனைக்கு அருகில் இருக்கிறது.

இந்த எண்கள் எல்லாம் வெறும் ரைபிளுக்கானவை. மலையில் நீங்கள் சுமப்பது வெறும் ரைபிளை இல்லை. 350 முதல் 400 கிராம் வரை எடையுள்ள ஓர் அளவான ஸ்கோப் (குறி பார்க்கும் தொலைநோக்கி), அதைப் பிடித்து நிறுத்தும் வளையங்கள், தோள்வார், நான்கைந்து தோட்டாக்கள் எல்லாம் சேர்ந்தால் ஏறத்தாழ 650 கிராம் கூடிவிடும். அப்படிப் பார்த்தால் .308 டிக்கா மூன்றரைக் கிலோவையும், கிம்பர் மூன்று கிலோவையும் தொடும். மேக்னம் டிக்கா இன்னும் நூறு கிராம் போலக் கூடுதலாக இருக்கும். ரைபிளில் அரைக் கிலோவைக் குறைப்பதற்கு ஆயிரம் டாலர் அதிகம் கொடுத்துவிட்டு, அதன் தலையில் 900 கிராம் எடையுள்ள தொலைதூரப் போட்டி ஸ்கோப்பை ஏற்றுபவர்களைத் துப்பாக்கிப் பயிற்சிக்கூடங்களில் அடிக்கடி பார்க்கலாம். அவர்கள் கொடுத்த பணத்துக்கு எடையும் குறையவில்லை. கனமெல்லாம் மேலே ஏறிவிட்டதால் ரைபிள் கையில் ஒரு பக்கமாகச் சாயவும் செய்கிறது. ஆகவே இனி நான் எடை என்று சொல்லும்போதெல்லாம், தோட்டா நிரப்பி ஸ்கோப் மாட்டிய முழு எடையையே சொல்கிறேன்.

இனி உதைப்புக்கு வருவோம். இந்தக் கேள்வியின் கனமான பகுதி இதுதான். குண்டும், எரிந்த மருந்தின் வாயுவும் முன்னால் பாயும்போது உண்டாகும் உந்தம், அதே அளவில் ரைபிளைப் பின்னால் தள்ளுகிறது. ஒரே தோட்டாவைப் பொறுத்தவரை அந்த உந்தம் மாறாது. எனவே ரைபிளின் எடை பாதியானால் அது தோளில் வந்து மோதும் ஆற்றல் இரு மடங்காகும். வழக்கமான தொழிற்சாலைத் தோட்டாக்களின் குண்டு எடை, மருந்து அளவு, வேகம் ஆகியவற்றைக் கொண்டு கணக்கிட்டுப் பார்த்தால், மூன்றரைக் கிலோ டிக்காவில் 6.5 கிரீட்மூர் ஏறத்தாழ 18 முதல் 19 ஜூல் வரை உதைக்கும். அதே ரைபிளில் .308 சுமார் 24 ஜூல். மூன்று கிலோ கிம்பரில் அதே .308 சுமார் 28 ஜூல். கடைக்காரர் காட்டிய .300 மேக்னம் டிக்காவிலோ 44 ஜூலைத் தாண்டும். அதாவது முதலில் சொன்னதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். ஆற்றலைவிட வேகத்தைக் கவனிப்பது இன்னும் பயனுள்ளது. மூன்றரைக் கிலோ .308 வினாடிக்கு 3.7 மீட்டர் வேகத்தில் பின்னால் வருகிறது என்றால், அந்த மேக்னம் 5 மீட்டர் வேகத்தில் வருகிறது. மெதுவாகத் தள்ளும் ரைபிளை உடம்பு ஏற்றுக்கொள்ளும். சுரீரென்று வந்து அடிக்கும் ரைபிளைக் கண்டு உடம்பு பயப்படக் கற்றுக்கொள்ளும்.

இந்த உதைப்பால் தோள் வலிப்பதைப் பற்றி நான் பெரிதாகக் கவலைப்படவில்லை. வலி இரண்டு நாளில் போய்விடும். விசையை இழுக்கும் தறுவாயில் கண் மூடிக்கொள்வதும், தோள் முன்னால் தள்ளுவதும், விரல் வெடுக்கென்று இழுப்பதும் பழக்கமாகிவிட்டால் அதைப் போக்கப் பல மாதங்கள் ஆகும். சுடுபவருக்குத் தன்னிடம் அந்தப் பழக்கம் இருப்பதே தெரியாது. ஏனென்றால் வெடிச் சத்தமும் உதைப்பும் அதை மறைத்துவிடும். கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. பயிற்சிக்கூடத்தில் நண்பர் ஒருவர் உங்களுக்குத் தெரியாமல் சில முறை உண்மைத் தோட்டாவையும் சில முறை மருந்தில்லாத போலித் தோட்டாவையும் போட்டுப் போல்ட்டை மூடித் தரட்டும். போலித் தோட்டா வரும்போது ரைபிள் அசையாமல் நின்று, உள்ளேயுள்ள ஊசி தோட்டாவைத் தட்டும் 'டிக்' சத்தம் மட்டும் கேட்டால் நல்லது. வெடிக்காத அந்த நொடியில் பேரலின் நுனி ஓர் அங்குலம் கீழே குனிந்து, தோள் முன்னால் பாய்ந்தால், நூறு மீட்டரில் குண்டு எங்கே போயிருக்கும் என்று கணக்குப் பார்க்கவே தேவையில்லை. இலேசான மேக்னம் ரைபிளை வைத்துப் பழகியவர்களிடம் இதை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். அந்தக் குனிவோடு ஓர் எல்க்கைச் சுட்டால், குண்டு நுரையீரலுக்குப் பதிலாக வயிற்றில் பாயும். அந்த மிருகம் பல கிலோமீட்டர் ஓடி, யாரும் தேடிப் பிடிக்க முடியாத அடர்ந்த ஊசியிலைக் காட்டுக்குள் மெல்லச் சாகும். வேட்டைக்குப் போகும் எவரும் தன்னால் இயன்றவரை தவிர்க்க வேண்டிய கொடுமை அது.

இந்த இடத்தில் நம்மவர்களுக்கென்று ஒன்று சொல்ல வேண்டும். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்பது அநேகமாக இல்லாமலே போனது. ஆகவே தமிழ்நாட்டில் வளர்ந்து இங்கே வந்த ஒருவருக்கு, அப்பாவோ தாய்மாமனோ பத்து வயதில் ரைபிள் பிடிக்கக் கற்றுத்தந்த அனுபவம் இருக்க வாய்ப்பில்லை. கொலராடோவில் பிறந்து வளர்ந்தவர் மேக்னம் ரைபிளுக்கு வருவதற்குள் .22, .243 என்று பல ஆண்டுகள் படிப்படியாகச் சுட்டு வந்திருப்பார். உங்களுக்கு இந்த முதல் ரைபிள்தான் ஆசிரியரும். நூற்றுக்கணக்கான தோட்டாக்களைச் சலிப்பில்லாமல் சுடவைக்கும் ரைபிளே நல்ல ஆசிரியர்; ஒரு டப்பா இருபது தோட்டா முடிவதற்குள் போதும் என்று எழ வைக்கும் ரைபிளால் எதையும் கற்றுத்தர முடியாது. நீங்கள் கேட்ட இரண்டையும் நான் தள்ளிவைப்பதற்கு முதல் காரணம் இதுதான்.

அடுத்தது, குறி நிற்பது. கனமான ரைபிளுக்கு நிலைமம் அதிகம். மூச்சும் நாடித்துடிப்பும் கையின் நடுக்கமும் அதை எளிதில் அசைக்க முடியாது. மூவாயிரம் மீட்டர் உயரத்தில், செங்குத்தான ஒரு சரிவை ஏறிவந்த மூச்சிரைப்போடு சுட வேண்டிய கட்டம் வரும்போது, மூன்று கிலோ ரைபிளின் குறிக்கம்பி இதயம் துடிக்கும் ஒவ்வொரு முறையும் துள்ளுவதை ஸ்கோப் வழியே கண்ணால் பார்க்கலாம். முன்பக்கம் சற்றுக் கனமாக உள்ள ரைபிள் நின்றுகொண்டு சுடும்போது மெதுவாக ஊசலாடும். அந்த ஊசலாட்டத்துக்குள் நேரம் பார்த்து விசையை அழுத்த முடியும். முன்பக்கம் இலேசான ரைபிள் படபடவென்று துடிக்கும். விசையின் இழுப்பெடையும் இதில் சேரும். இரண்டரைக் கிலோ ரைபிளில் விசை இரண்டு கிலோ இழுப்பு கேட்டால், விரல் இழுக்கும் இழுப்பிலேயே ரைபிள் நகர்ந்துவிடும். டிக்காவின் விசையை ஏறத்தாழ ஒரு கிலோவிலிருந்து இரண்டு கிலோ வரை ஒரு சிறு திருகாணியால் மாற்றிக்கொள்ளலாம். அதன் விசை கண்ணாடிக் குச்சி முறிவதைப்போலத் துல்லியமாக விடுபடும். இந்த விலையில் வேறு எந்த ரைபிளிலும் இத்தனை நல்ல விசை கிடைப்பதாக நான் நினைக்கவில்லை. இலேசான ரைபிள் வைத்திருப்பவர் நின்றுகொண்டு சுடுவதை மறந்துவிட வேண்டும். முதுகுப் பையின் மேல் சாய்த்தோ, ஊன்றுகோல் கட்டியோ, மரத்தில் சாய்ந்து உட்கார்ந்தோதான் சுட வேண்டும். முன்கட்டையை இடது கையால் இறுகப் பிடிக்கவும் வேண்டும். கனமான ரைபிள் மணல் மூட்டையின் மேல் தானாகவே கிடக்கும். இலேசானதை அப்படி விட்டால் அது துள்ளும் விதம் ஒவ்வொரு முறை சுடும்போதும் மாறி, குண்டு விழும் இடமும் மாறும்.

பேரலைப் பற்றி நிறையத் தவறான பேச்சு உலவுகிறது. மெல்லிய பேரல் துல்லியமாகச் சுடாது என்பது உண்மையில்லை. அது சூடானதும் குறி மாறக்கூடும் என்பதுதான் உண்மை. உருக்கைத் துளைத்து, உள்வரிகளை உருவாக்கி, வெளியே கடைந்து மெலியவைக்கும்போது உலோகத்துக்குள் இறுக்கங்கள் எஞ்சி நிற்கும். சூடேறும்போது அவை ஒரு பக்கமாகத் தளர்ந்து பேரலை மயிரிழை அளவு வளைக்கும். மூன்றாவது நான்காவது குண்டு வரும்போது துளைகள் வரிசையாக ஒரு திசையில் நடக்கத் தொடங்கும். விறைப்பும் குறையும். நுனியில் 15 மி.மீ. விட்டமுள்ள .308 பேரலை 17 மி.மீ. ஆக்கினால் அந்த இடத்தில் எடை சுமார் 38 சதவீதம் கூடும், விறைப்போ 70 சதவீதம் கூடும். ஏனென்றால் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. பேரலில் சேர்க்கும் எடை வேறு எங்கே சேர்க்கும் எடையைவிடவும் அதிகப் பலன் தருகிறது என்பதற்கு இந்த ஒரு கணக்கே போதும். எங்கே எடையைக் குறைத்தாலும் பேரலில் கடைசியாகக் குறையுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

ஆனாலும் வேட்டையில் தேவைப்படுவது குளிர்ந்த பேரலிலிருந்து வரும் முதல் குண்டு. பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும், மிஞ்சினால் இரண்டாவது. டிக்கா நிறுவனம் தன் ரைபிள்கள் மூன்று குண்டுகளை ஒரு கோணநிமிட வட்டத்துக்குள், அதாவது நூறு மீட்டரில் ஏறத்தாழ 29 மி.மீ. அகலத்துக்குள், போடும் என்று உறுதி தருகிறது. அதைவிட இரண்டு மடங்கு மோசமாகச் சுடும் ரைபிள்கூட முந்நூறு மீட்டரில் 17 அல்லது 18 செ.மீ. அகலத்துக்குள் போடும், எல்க்கின் நெஞ்சுக்கூட்டில் குண்டு பாய வேண்டிய பகுதி 30 செ.மீ.யைவிட அகலமானது. ஆகவே இலேசான ரைபிளின் இயந்திரத் துல்லியம் உங்களுக்குத் தடையாகவே இருக்காது. மேலே சொன்ன கையும் தோளும்தான் தடை. ரைபிளைச் சோதிக்கும்போதும் இதற்கேற்பச் சோதியுங்கள். பளபளக்கும் மூன்று குண்டுக் கூட்டம் ஒன்றைப் புகைப்படம் எடுத்துவைப்பதில் அர்த்தமில்லை. மூன்று குண்டுகள் தற்செயலாக நெருங்கி விழுவது சாதாரணம். ஒரே அட்டையை ஒவ்வொரு முறையும் எடுத்துச்சென்று, பேரல் குளிர்ந்திருக்கும்போது முதல் குண்டை மட்டும் அதில் சுட்டு, அட்டையை மடித்துப் பத்திரப்படுத்துங்கள். சில வாரங்களில் அந்த அட்டையில் சேர்ந்திருக்கும் துளைகள்தான் உங்கள் ரைபிளும் நீங்களும் சேர்ந்து மலையில் என்ன செய்வீர்கள் என்பதன் உண்மையான சாட்சி.

பேரலை விட்டால் எடையை எங்கிருந்து எடுப்பது? கட்டையிலிருந்து எடுப்பது பாதுகாப்பானது, ஒரு நிபந்தனையோடு. கனமான வால்நட் மரக்கட்டைக்குப் பதிலாகக் கார்பன் இழைக் கட்டை வந்தால் நானூறு கிராம் வரைகூடக் குறையும், ரைபிளின் விறைப்பும் குறையாது. மலிவான ரைபிள்களில் வரும் வார்ப்புப் பிளாஸ்டிக் கட்டை அப்படியில்லை. அதன் முன்பகுதியைப் பேரலோடு சேர்த்து விரல்களால் நெரித்தாலே வளைந்து பேரலைத் தொடும். ஊன்றுகோலில் வைக்கும்போதோ தோள்வாரை இறுக்கும்போதோ அப்படித் தொட்டால் குறி நகரும். டிக்காவின் கட்டை கண்ணாடியிழை கலந்த பாலிமர். கார்பனுக்கு ஈடில்லை என்றாலும் போதுமான விறைப்பு உண்டு. பழைய டி3இன் அடிக்கட்டை தகரம்போல ஒலிக்கிறது என்ற குறையைப் போக்க, 2016இல் வந்த டி3எக்ஸில் உள்ளே நுரை அடைத்திருக்கிறார்கள். புதருக்குள் நடக்கும்போது கிளை உரசினாலும் காட்டிக்கொடுக்காத கட்டை ஒரு வேட்டைக்காரருக்கு முக்கியம்.

ரிசீவரைச் சிறிதாக்குவது இன்னொரு வழி. கிம்பரின் 84எம் ரிசீவர் .308 நீளத் தோட்டாக்களுக்கென்றே அளவாகச் செய்யப்பட்டது. அதன் எடைக் குறைவில் பெரும்பங்கு அங்கிருந்து வருகிறது, அது நேர்மையான வழி. டிக்காவோ எல்லாத் தோட்டாக்களுக்கும் ஒரே நீள ரிசீவரையே தருகிறது; .308 வாங்குபவர் தேவையில்லாத சில சென்டிமீட்டர் உருக்கைச் சுமக்கிறார். டைட்டேனியம் ரிசீவர் உருக்கின் அடர்த்தியில் அறுபது சதவீதத்துக்கும் குறைவானது. ஆனால் விலை எகிறிவிடும். போல்ட்டின் மேல் திருகு வரிகள் வெட்டுவது அழகுக்கு. அதில் குறைவது சில பத்துக் கிராம்கள்தான். பேரலின் நீளத்தில் ஐந்து சென்டிமீட்டரைக் குறைத்தால் அறுபது எழுபது கிராம் குறையும்; .308இல் குண்டின் வேகம் வினாடிக்கு 15 மீட்டர் போலக் குறையும், அது பொருட்படுத்தத் தக்கதில்லை. மேக்னம் தோட்டாவில் இதையே செய்தால் அதிகம் எரித்த மருந்தின் பலன் பேரல் நுனியில் நெருப்பாகவும் சத்தமாகவும் வீணாகும். கார்பன் இழை சுற்றிய பேரல் எடைக்கேற்ற விறைப்பைத் தருகிறது, அதை ஒப்புக்கொள்கிறேன். அது வேகமாகக் குளிரும் என்று விற்பனையில் சொல்வதை மட்டும் நம்பி வாங்க வேண்டாம்.

இலேசான மேக்னம் ரைபிளின் உதைப்பைக் குறைக்கக் கடைக்காரர் பேரல் நுனியில் மஸில் பிரேக் என்ற துளையிட்ட உலோகக் குழலை மாட்டச் சொல்வார். அது உதைப்பைக் குறைக்கும் என்பது உண்மை. வாயுவைப் பக்கவாட்டிலும் பின்னாலும் திருப்பியனுப்பித்தான் குறைக்கிறது என்பதால், ஏற்கெனவே 155 டெசிபலைத் தாண்டும் வெடிச் சத்தம் சுடுபவரின் காதுக்கும், பக்கத்தில் படுத்திருக்கும் துணைவரின் காதுக்கும் இன்னும் பல டெசிபல் கூடுதலாக வந்து சேரும். எல்க் குரலைக் கேட்பதற்காகக் காதைத் திறந்து வைத்திருக்கும் வேட்டையில், காதடைப்பான் போட நேரமில்லாமல் சுட்டுவிடுவது இயல்பு. அப்படி ஒரே ஒரு வெடியில் போன கேள்விப்புலன் திரும்ப வராது. பிரேக் மாட்டினால்தான் தாங்க முடியும் என்ற நிலையிலுள்ள ரைபிளை நான் எவருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். சப்ரெசர் எனப்படும் சத்தமடக்கி இதற்கு நேர்மாறானது: சத்தத்தை இருபது முப்பது டெசிபல் குறைத்து, உதைப்பையும் மென்மையாக்கும். கொலராடோவில் வேட்டைக்கு அதைப் பயன்படுத்தலாம். 2026 ஜனவரி முதல் அதற்கான 200 டாலர் கூட்டாட்சி வரியும் நீங்கியிருக்கிறது, பதிவு செய்யும் நடைமுறை மட்டும் தொடர்கிறது. ஆனால் 300 முதல் 450 கிராம் வரையான எடை பேரலின் நுனியில் போய்த் தொங்கும். பின்னால் வாங்கும் எண்ணம் இருந்தால், நுனியில் திருகு மரை வெட்டிய, நீளம் குறைந்த பேரலை இப்போதே தேர்ந்தெடுங்கள்.

ஸ்கோப்பைப் பற்றி ஓர் எச்சரிக்கை. உதைப்பு வேகமாக இருக்கும் இலேசான ரைபிளில், கண்ணுக்கும் ஸ்கோப்பின் பின்வளையத்துக்கும் இடையே குறைந்தது 90 மி.மீ. இடைவெளி வேண்டும். சரிவில் மேல்நோக்கிப் படுத்துச் சுடும்போது தலை தானாகவே முன்னால் நகர்ந்துவிடும். அந்த நிலையில் பின்வளையம் புருவத்தில் பிறை வடிவில் வெட்டுவது பரவலாக நடக்கும் காயம். வளையங்களின் திருகுகளைக் கைப்பலத்தால் முறுக்காமல், அளவு காட்டும் முறுக்கியால், தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு இறுக்குங்கள். பலருடைய துல்லியம் திடீரென்று கெட்டுப்போவதற்குப் பேரல் காரணமாக இருப்பதைவிட இந்தத் திருகுகள் தளர்வதே அதிகம் காரணமாக இருக்கிறது.

எல்க்குக்கு 6.5 கிரீட்மூர் போதுமா என்று நீங்கள் கேட்பீர்கள். கொலராடோ சட்டம் எல்க்குக்குக் குறைந்தது .24 காலிபர் (குழல் விட்டம் 0.24 அங்குலம்), 85 கிரெய்ன் (சுமார் 5.5 கிராம்) குண்டு, நூறு கஜத்தில் ஆயிரம் அடி-பவுண்டு ஆற்றல் கேட்கிறது. நான் சொன்ன மூன்று தோட்டாக்களும் இந்த ஆற்றலைப்போல ஏறத்தாழ இரு மடங்கைத் தருகின்றன. பிளவுபட்டுச் சிதறாத, உறை ஈயத்தோடு பிணைந்த குண்டையோ முழுச் செம்புக் குண்டையோ தேர்ந்தெடுத்து, முந்நூறு மீட்டருக்குள், நெஞ்சுக்கூட்டின் பக்கவாட்டில் சுட்டால் எல்க் விழும். மூன்றில் எனக்கு மிகவும் பிடித்தது 7 மி.மீ.-08, உதைப்புக்கும் குண்டின் எடைக்கும் இடையே அது நல்ல சமநிலை. ஆனால் ஊரகக் கடைகளில் .308உம் 6.5உம் எப்போதும் கிடைக்கும் என்பது புதியவருக்குப் பெரிய வசதி. .300 மேக்னத்தின் கூடுதல் பலம் பயன்படுவது நானூறு ஐந்நூறு மீட்டரில். முதல் பருவத்தில் அத்தனை தூரத்தில் நீங்கள் சுடவே கூடாது.

வாங்குவதற்கு முன் விசாவையும் பாருங்கள். எச்-1பி போன்ற குடியேற்றமில்லா விசாவில் இருப்பவர் ரைபிள் வாங்குவதும் வைத்திருப்பதும் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி பொதுவாகத் தடை செய்யப்பட்டவை. செல்லுபடியாகும் மாநில வேட்டை உரிமம் கையில் இருப்பது அதற்குள்ள விதிவிலக்குகளில் ஒன்று. ஆகவே வேட்டைப் பயிற்சி வகுப்பை முடித்து உரிமத்தை முதலில் எடுத்துவிட்டுத்தான் கடைக்குப் போக வேண்டும். அந்த உரிமம் காலாவதியாகும் நாளையும் மறக்கக் கூடாது. பச்சை அட்டை வைத்திருப்பவருக்கு இந்தத் தடை இல்லை. கொலராடோவில் வாங்கிய ரைபிளைக் கையில் பெற மூன்று நாள் காத்திருக்கவும் வேண்டும்.

மிக இலேசான ரைபிள் எவருக்குமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அலாஸ்காவில் வெள்ளைக் காட்டாட்டைத் தேடிப் பத்து நாள் உணவையும் கூடாரத்தையும் முதுகில் சுமப்பவருக்கும், நியூசிலாந்தின் தென் ஆல்ப்ஸ் மலையில் இமயமலைத் தார் என்ற காட்டாட்டைத் தேடி இரு கைகளாலும் பாறையைப் பற்றி ஏறுபவருக்கும் அந்த அரைக் கிலோ உண்மையிலேயே பெரிது. அவர்கள் பல ஆண்டுகள் சுட்டுப் பழகியவர்கள். இலேசான ரைபிளின் பிடிவாதங்களைச் சமாளிக்கும் கை அவர்களுக்கு உண்டு. இதுவும் சொல்ல வேண்டும்: கையிலோ தோளிலோ நாள் முழுவதும் தூக்கும் அரைக் கிலோ, இடுப்புவாரில் ஏற்றிய பையிலுள்ள அரைக் கிலோவைப் போன்றதில்லை, பிந்தியதை உடம்பு மறந்துவிடும், முந்தியதை மாலையில் கை நினைவூட்டும். அதனால்தான் நான்கரைக் கிலோ ரைபிளை உங்களுக்குச் சொல்லாமல் மூன்றரையில் நிற்கிறேன். நான்கைந்து பருவங்கள் கழித்து, அந்தக் குளிர்பேரல் அட்டைகள் திருப்தி தந்தபின், கிம்பர் போன்ற ஒன்றை வாங்க உங்களுக்கு முழுத் தகுதி இருக்கும்.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது: .308 அல்லது 6.5இல் டிக்கா டி3எக்ஸ் லைட். 400 கிராமுக்கு மிகாத, மூன்று முதல் ஒன்பது பத்து மடங்கு வரை பெருக்கும் எளிய ஸ்கோப். விசையை ஒரு கிலோவுக்குச் சற்று மேலே வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் ஒரு ரூபாய்த் தாளையோ டாலர் தாளையோ பேரலுக்கும் கட்டைக்கும் நடுவே விட்டு, நுனியிலிருந்து ரிசீவர் வரை தடையில்லாமல் ஓடுகிறதா என்று பாருங்கள். முன்கட்டையைக் கையால் அழுத்திக்கொண்டும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். மிச்சப்படும் பணத்தைத் தோட்டாவில் போடுங்கள்: அக்டோபருக்குள் இருநூறு தோட்டா, அதில் கால்பங்குக்கு மேல் மேசையில் வைத்துச் சுடக் கூடாது, மீதியை உட்கார்ந்தும், மண்டியிட்டும், பையின் மேல் சாய்த்தும், இருநூறு மீட்டரில் சுடுங்கள். ஒரு நாளைக்கு இருபதுக்கு மேல் வேண்டாம், மூன்று குண்டுக்கு ஒருமுறை போல்ட்டைத் திறந்து வைத்து, பேரலைக் கையால் தொட முடியும் வரை பொறுத்திருங்கள்.